ஸ்கிம்மர் குழாய்க் கசிவு: தரையை உடைக்க முன்னர் இடத்தைக் கண்டறிய வழி உண்டா?

கேள்வி: விடுதிக்காரன், மாங்குளம்

அன்புடையீர், வணக்கம். மாங்குளத்துக்கு அண்மையில், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளிச் சிறியதொரு விருந்தினர் விடுதியை நடத்தி வருகிறேன். பின்வளவில் 10 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் உள்ள கொங்கிறீற் நீச்சல் தடாகம் ஒன்று இருக்கிறது. ஆடி, ஆவணி மாதங்களில் வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருகின்ற எம்மவர்களின் பிள்ளைகள் அந்தத் தடாகத்துக்காகவே இங்கே தங்க விரும்புகிறார்கள் என்பதால், அதனைப் பூட்டி வைத்தால் பாதி வருமானம் போய்விடும்.

சோளகக் காற்றுத் தொடங்கியதிலிருந்து தடாகத்தின் நீர்மட்டம் ஓர் இரவுக்குள் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் இறங்கிவிடுகிறது. காற்றும் வெயிலும் குடிக்கின்றன என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள். இரவில் ஏது வெயில்? 50 சதுர மீற்றர் பரப்பில் 3 சென்ரிமீற்றர் என்றால் 1500 லீற்றர். கிணறு அடிமட்டத்தில் நிற்கிற இந்தக் காலத்தில், பவுசரில் தண்ணீரை விலைக்கு வாங்கி நிலத்துக்கு வார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் கவனித்தவற்றை எழுதுகிறேன். பம்பி ஓடும்போது, தடாகத்துக்குத் தண்ணீர் திரும்பி வருகின்ற வாய்களில் காற்றுக் குமிழிகள் வருகின்றன. பம்பியின் முன்னாலுள்ள கண்ணாடி மூடிக்குள்ளும் குமிழிகள் தெரிகின்றன. ஸ்கிம்மர் (தடாகச் சுவரில் நீர்மட்டத்தில் இருந்து மேல்நீரை இழுக்கும் வாயுள்ள பெட்டி) குழாய்க்கும் அடித்தளத் துவாரக் குழாய்க்கும் பம்பி அறையில் தனித்தனி வால்வுகள் உள்ளன. ஸ்கிம்மர் வால்வை மூடி, அடித்தளத் துவாரத்தால் மட்டும் இழுக்கவிட்டால் குமிழிகள் நின்றுவிடுகின்றன. அதனால் ஸ்கிம்மர் குழாயில்தான் பழுது என்று எண்ணி, ஒரு நாள் இரவு பம்பியை நிறுத்தி அந்த வால்வை மூடி வைத்தேன். ஆனால், நீர்மட்டம் வழமைபோலவே இறங்கியிருந்தது. அப்படியாயின் குழாயில் குற்றமில்லை என்று கொள்வதா? இன்னொரு விடயம்: தண்ணீர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, மட்டம் ஸ்கிம்மர் வாயின் கீழ் விளிம்புவரை இறங்கி, அதன் பின்னர் ஏறக்குறைய அங்கேயே நின்றது.

ஸ்கிம்மரிலிருந்து பம்பி அறைவரை ஏறத்தாழ 8 மீற்றர் தூரம். அதில் பெரும்பகுதி ரைல்ஸ் பதித்த தரைக்குக் கீழாகவும், மிகுதி புற்றரைக்குக் கீழாகவும் செல்கிறது. புற்றரையில் ஓரிடத்தில் மட்டும், சுற்றிலும் காய்ந்து கிடக்க, அறுகு கரும்பச்சையாக வளர்ந்திருக்கிறது. மேசனார் அலவாங்கும் கையுமாக வந்து, முழுத் தரையையும் உடைத்துப் புதுக் குழாய் போட்டால்தான் சரிவரும் என்கிறார். அதே ரைல்ஸ் இப்போது கடைகளில் இல்லை. உடைக்க முன்னர் இடத்தைக் கண்டறிய வழி இருந்தால் அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்க வேண்டும்.

பதில் 1: ஓய்வுபெற்ற நீர்வழங்கல் உத்தியோகத்தர், வவுனியா

தம்பி, மேசனாரைச் சில நாட்களுக்குப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியவற்றிலேயே பாதி விடை இருக்கிறது. வால்வு பற்றிய முடிவு மட்டுந்தான் பிழை. அந்த வால்வு குழாயின் பம்பிப் பக்கத்து முனையில் இருக்கிறது. அதனை மூடினாலும் குழாயின் மறுமுனை தடாகத்துக்குத் திறந்தே கிடக்கிறது. ஆகவே தடாகத்து நீர் வால்வுவரை வந்து நின்று, வழியில் வெடிப்பு இருந்தால் அதனூடாக இரவு முழுவதும் ஒழுகிக்கொண்டேயிருக்கும். எனவே, உங்கள் பரிசோதனை ஸ்கிம்மர் குழாயைக் குற்றமற்றது என்று காட்டவில்லை.

உறிஞ்சு குழாயின் இயல்பை விளங்கிக்கொண்டால் மற்றவையும் தெளிவாகும். பம்பி ஓடும்போது அந்தக் குழாய்க்குள் அமுக்கம் வெளியிலுள்ளதைவிடக் குறைந்துவிடுவதால், வெடிப்பினூடாகத் தண்ணீர் வெளியேறுவதற்குப் பதிலாக மண்ணிலுள்ள காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. நீங்கள் காண்கின்ற குமிழிகள் அவைதான். பம்பி நின்றவுடன் தடாகத்து நீரின் பாரம் குழாயை நிரப்ப, அதே வெடிப்பு வெளிப்பக்கமாக ஒழுகத் தொடங்குகிறது. பம்பி நிற்கும் நேரத்தில் கூடுதலாக இறங்கினால் உறிஞ்சு பக்கத்தையும், ஓடும் நேரத்தில் கூடுதலாக இறங்கினால் தடாகத்துக்குத் தண்ணீரைத் திருப்பி அனுப்புகின்ற குழாயையும் சந்தேகிக்க வேண்டும். ஸ்கிம்மர் வாயின் விளிம்புக்குக் கீழே மட்டம் இறங்காமல் நின்றதும் இதற்குப் பொருத்தமே: வாய்க்குக் கீழே போனபின் ஸ்கிம்மருக்குள் தண்ணீர் செல்வதில்லை, ஒழுகுவதற்கும் எதுவும் இல்லை. தடாகத்தின் சுவரோ அடித்தளமோ வெடித்திருந்தால் மட்டம் அந்த விளிம்பை மதித்து நின்றிருக்காது.

ஆவியாதலையும் ஒரு முறை அளந்து ஒதுக்கிவிடுங்கள். ஒரு வாளிக்குள் கல்லொன்றை வைத்து, அதனைத் தடாகத்தின் படியில் நிறுத்தி, வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்படி நிரப்பி, இரு மட்டங்களையும் கோடிட்டு, 24 மணித்தியாலங்களின் பின்னர் பாருங்கள். வாளிக்குள் இறங்கியது காற்றும் வெயிலும் குடித்தது. வெளியே அதைவிடக் கூடுதலாக இறங்கியது கசிவு. எமது பகுதியில் சோளகக் காலத்தில் ஒரு நாளைக்கு 5, 6 மில்லிமீற்றர் ஆவியாவது வழமை. 3 சென்ரிமீற்றரை அதன் தலையில் கட்ட முடியாது.

அடுத்து, ஸ்கிம்மர் பெட்டியா அதன் கீழுள்ள குழாயா என்று பிரித்தறிய வேண்டும். மட்டத்தை ஸ்கிம்மர் வாயின் நடுப்பகுதிவரை உயர்த்துங்கள். பம்பியை நிறுத்தி, ஸ்கிம்மரின் கூடையை வெளியே எடுத்தால் அடியில் குழாய்த் துவாரம் தெரியும். அதனை அடைக்க விரியும் இறப்பர் அடைப்பான் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், கூம்பாகச் சீவிய மரக்கட்டையில் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றி இறுக்கலாம். சுத்தியலால் அடிக்க வேண்டாம், பெட்டி வெடித்துவிடும். கட்டையில் ஒரு கயிற்றைக் கட்டி வெளியே விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அது குழாய்க்குள் போய் வேறொரு வேலையைத் தரும். அடைத்த பின்னர் ஓர் இரவு விட்டுப் பாருங்கள். வாளியில் இறங்கிய அளவே தடாகத்திலும் இறங்கியிருந்தால் குற்றவாளி குழாய்தான். அடைத்தும் பழையபடி இறங்கினால் பெட்டியில் அல்லது பெட்டியும் கொங்கிறீற்றும் சேரும் இடத்தில் இடைவெளி விழுந்திருக்கிறது.

அந்த இடைவெளியைக் காண நிறமூட்டிய நீர் போதும். மருந்துக்கடையில் வாங்கும் ஊசியில்லாச் சிரிஞ்சில், கேசரிக்குப் போடும் செந்நிறத் தூளைக் கரைத்து எடுத்து, தண்ணீர் முற்றாக அசைவற்றிருக்கும் நேரத்தில் பிளாஸ்ரிக்கும் சீமெந்தும் சேரும் விளிம்போரமாக மெல்ல விடுங்கள். கசிவு இல்லாத இடத்தில் நிறம் புகைபோல் அப்படியே நிற்கும். கசிவுள்ள இடத்தில் ஒரு கோடாக நீண்டு உள்ளே இழுபடும். கிணற்றுக்குப் போடுகின்ற கொண்டிசை (பொற்றாசியம் பரமங்கனேற்றை) இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ரைல்ஸ் இடைச் சீமெந்தில் பழுப்புக் கறையாகத் தங்கிவிடும்.

குழாய்தான் என்று உறுதியானால், பம்பி அறையில் வால்வுக்கு அப்பாலுள்ள யூனியனை (கழற்றிப் பூட்டக்கூடிய குழாய் இணைப்பை) கழற்றி, அங்கே 2 மீற்றர் உயரமான குழாயொன்றை நிமிர்த்திப் பொருத்தி, வால்வைத் திறந்து தண்ணீரால் நிரப்புங்கள். ஸ்கிம்மர் பக்கத்து அடைப்பான் கீழிருந்து வரும் அமுக்கத்தில் மேலெழும்பாதபடி அதற்கு மேல் ஒரு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். 63 மில்லிமீற்றர்க் குழாயில் 1 மீற்றர் உயரத்தில் நிற்பது ஏறத்தாழ இரண்டரை லீற்றர் மட்டுமே. ஆகையால் சிறிய ஒழுக்கும் கண்முன்னே மட்டத்தை இறக்கிக் காட்டிவிடும். எவர் சொன்னாலும் ரயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரை மட்டும் மாட்டிப் பார்க்க வேண்டாம். தண்ணீர் அமுக்கத்தில் குழாய் வெடித்தால் நனையும். காற்றமுக்கத்தில் வெடித்தால் பி.வி.சி. துண்டுகள் கத்திபோல் பறக்கும்.

அறுகைப் பற்றியும் ஒரு சொல். அது தண்ணீர் போய்ச் சேர்ந்த இடத்தைக் காட்டுகிறது. புறப்பட்ட இடத்தைக் காட்ட வேண்டுமென்பதில்லை. குழாய் புதைத்த கானுக்குள் இளகிய மண் இருப்பதால், ஒழுகிய நீர் குழாயோரமாகவே சரிவுப் பக்கம் ஓடி, இறுகிய செம்மண்ணில் முட்டிய இடத்தில் மேலே வரும். அங்கே கிண்டி, நல்ல குழாயைக் கண்டு ஏமாந்தவர்கள் பலர்.

பதில் 2: துணுக்காய்வாசி

எங்கள் பக்கத்துக் கருமண்ணில் இந்தத் தொல்லை ஆண்டுதோறும் வரும். கோடையில் நிலம் கைவிரல் நுழையும் அளவுக்குப் பிளக்கும், மாரியில் ஊதிப் பெருக்கும். இடையில் அகப்பட்ட குழாய் பொருத்தோடு கழன்றுவிடும். மாங்குளத்துச் செம்மண் அவ்வளவுக்கு அசையாது என்றாலும், தடாகத்தைச் சுற்றிக் கொட்டி நிரப்பிய மண் எங்கிருந்து வந்தது என்பதை விசாரிப்பது நல்லது.

என்னைக் கேட்டால் பழைய குழாயைத் தேடி மினக்கெடத் தேவையில்லை. அதனை இரு பக்கமும் அடைத்துக் கைவிட்டு, விடுமுறைக் காலம் முடியும்வரை அடித்தளத் துவாரத்தால் மட்டும் பம்பியை ஓட்டலாம். கசிவை அடைக்கும் திரவம் ஒன்றும் கொழும்பில் கிடைக்கிறதாம். தண்ணீரோடு கலந்துவிட்டால் வெடிப்புக்குள் போய் இறுகிவிடும் என்கிறார்கள்.

பதில் 3: குழாய் வேலைக்காரன், கிளிநொச்சி

மேலே ஐயா எழுதிய முறையோடு நான் முற்றாக உடன்படுகிறேன். துணுக்காய் அண்ணர் சொன்னவற்றில் இரண்டை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் குளிக்கின்ற தடாகத்தில் ஸ்கிம்மரை அடைத்துவிட்டு ஒரேயோர் அடித்தளத் துவாரத்தால் பம்பியை இழுக்கவிடுவது உயிராபத்து. அந்த ஒற்றைத் துவாரத்தின் மேல் ஒரு பிள்ளையின் முதுகோ தலைமயிரோ பட்டால், பம்பியின் முழு உறிஞ்சலும் அந்த ஓரிடத்தில்தான் விழும். வளர்ந்தவராலும் பிள்ளையை இழுத்தெடுப்பது கடினம். பழுதைப் பார்ப்பதற்காக அவ்வாறு ஓட்டும்போதும் எவரும் தண்ணீருக்குள் இருக்கக் கூடாது. அடைக்கும் திரவம் மயிரிழை வெடிப்புக்கு ஓரளவு உதவலாம். ஓர் இரவுக்கு 1500 லீற்றர் போகிற துவாரத்துக்கு அது எம்மாத்திரம்? மணல் வடிகட்டிக்குள் போய் மணலைக் கட்டியாக்கிவிட்டால் அதற்கும் சேர்த்துச் செலவழிக்க நேரிடும்.

இனி, எங்கே கிண்டுவது என்பது. நேராகக் கிடக்கின்ற குழாய், கல் அமத்தாவிட்டால், இலகுவில் பழுதாகாது, பழுதாவது பொருத்துகள்தாம். ஆகவே 8 மீற்றரையும் உடைப்பதற்குப் பதிலாக, பொருத்துகள் எங்கெங்கே இருக்கும் என்று கணக்கிட வேண்டும்: ஸ்கிம்மரின் அடியில் ஒன்று, அங்கிருந்து கிடையாகத் திரும்பும் எல்போவில் ஒன்று, முழுநீளக் குழாய் முடிந்து மற்றது தொடங்கும் இடத்தில் ஒன்று, பம்பி அறைச் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒன்று. கட்டும்போது எடுத்த படங்கள் எவரிடமாவது இருந்தால் தேடிப் பாருங்கள். முதலில் ஸ்கிம்மரின் பின்புறத்தைத் திறக்கவே நான் சொல்வேன். அங்கே இரண்டு அல்லது மூன்று ரைல்ஸ் மட்டும் போகும். கிரைண்டரால் இடைச் சீமெந்தை அறுத்துவிட்டுக் கிளப்பினால், சிலவேளை அவற்றையும் முழுதாக எடுத்துவிடலாம்.

அந்த இடத்தைச் சந்தேகிப்பதற்குக் காரணமும் உண்டு. இறக்குமதியாகும் ஸ்கிம்மர்களில் சில அமெரிக்க அளவுடையவை. 2 அங்குலத் திருகில் அவர்களுக்கு ஓர் அங்குலத்துக்கு 11.5 புரிகள், எமது ஹாட்வெயார் கடைகளில் விற்கும் வால்வ் சொக்கெற் (ஒரு முனையில் புரியுள்ள குழாய் இணைப்பு) பிரித்தானிய அளவில் 11 புரிகள். முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு இரண்டும் சேருவதுபோல் போகும், பின்னர் இறுகும். இறுகிவிட்டது என்று நினைத்துச் சங்கிலிச் சாவியால் மேலும் ஒரு திருப்புத் திருப்பினால் பெட்டியின் கழுத்தில் மயிரிழை விழும். ரெஃப்லோன் ரேப்பை எவ்வளவு சுற்றினாலும் அது சில காலத்துக்குத்தான். குழாயிலும் இதே சிக்கல் இருக்கிறது: அவர்களுடைய 2 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 60.3 மில்லிமீற்றர், இங்கே நாம் 2 அங்குலம் என்று வாங்குவது 63 மில்லிமீற்றர். இரண்டையும் கம் பூசிச் சேர்க்க முடியாது. எனவே கிண்டியதும் பெட்டியில் எழுதியிருப்பதை முதலில் வாசியுங்கள்.

இன்னொரு காரணம் எங்கள் கைப்பழக்கம். சொக்கெற் வாங்கும் காசை மிச்சம்பிடிக்க, குழாயின் நுனியை நெருப்பில் வாட்டி, விரித்து, மற்றக் குழாயை அதற்குள் செருகிவிடுகிறார்கள். வாட்டிய இடத்தில் சுவர் மெலிந்து, ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் கடதாசிபோலவும் இருக்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய்க்கு அது போதும். பம்பி ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும் உறிஞ்சலும் பாரமும் மாறி மாறி வருகின்ற குழாய்க்கு அது போதாது. கருகிய மஞ்சள் நிறத்தில் விரிந்த வாயொன்றைக் கண்டால், கசிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதனை வெட்டி எறிந்துவிடுங்கள்.

தண்ணீர் பவுசரை இழுத்துவருகிற உழவு இயந்திரம் எந்த வழியால் தடாகத்துக்கு வருகிறது என்பதையும் எழுதுங்கள்.

மறுமொழி: விடுதிக்காரன், மாங்குளம்

மூவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி செய்து பார்த்தேன். வாளிக்குள் இறங்கியது அரைச் சென்ரிமீற்றர் அளவு. ஸ்கிம்மரின் அடித்துவாரத்தை மரக்கட்டையும் சைக்கிள் ரியூப்பும் கொண்டு அடைத்து விட்டபோது, தடாகமும் வாளியும் விடியும்வரை ஒன்றாகவே நின்றன. கேசரித் தூள் எந்த விளிம்பிலும் இழுபடவில்லை. நிமிர்த்தி வைத்த குழாயில் தண்ணீர் நின்று பார்க்க நேரமில்லாமல் இறங்கியது. ஆகவே பெட்டி நல்லது, குழாயே பழுது.

ஸ்கிம்மரின் பின்புறம் திறந்து பார்த்ததில் அங்கே மண் காய்ந்திருந்தது. பொருத்தும் நன்றாகவே இருந்தது. கிளிநொச்சி அண்ணர் உழவு இயந்திரத்தைப் பற்றிக் கேட்ட பின்னர்தான் அந்த வழியைப் பார்த்தேன். பவுசர் வழமையாகப் புற்றரையைக் குறுக்கறுத்து, ரைல்ஸ் தரையின் ஓரம்வரை வந்து நிற்கும். அதன் சில்லுத் தடத்துக்கு நேர்கீழே, அறுகு பச்சையாக இருந்த இடத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் மேட்டுப் பக்கமாகக் கிண்டியபோது சேறும் தண்ணீரும் வந்தன. குழாயின் மேல் நிரப்பியிருந்தது கிரவல். முட்டையளவு கல்லொன்று குழாயில் நேரே குந்திக்கொண்டிருக்க, அதன் கீழ் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. அதற்கு அருகிலேயே, அண்ணர் எழுதியதுபோல் நெருப்பில் வாட்டி விரித்த பொருத்தும் இருக்கிறது. ஒரு ரைல்ஸ்கூட அதற்காக உடைக்க வேண்டி வரவில்லை.

இப்போது கேள்வி: குழாயின் இரு பக்கமும் மண்ணுக்குள் அசையாமல் இருக்கிறது. நடுவில் வெட்டினால் புதுத் துண்டை எப்படிச் செருகுவது? வெடிப்பின் மேல் கம் பூசி, இறப்பர் சுற்றி, சீமெந்து போட்டுவிடலாம் என்கிறார் மேசனார். தடாகத்தை முற்றாக வெறுமையாக்க வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 4: குழாய் வேலைக்காரன், கிளிநொச்சி

மேசனாருக்கு நல்ல வார்த்தை சொல்லி அந்தச் சீமெந்தைத் தடுத்துவிடுங்கள். சீமெந்து பி.வி.சி.யில் ஒட்டாது, அடுத்த முறை கிண்டுபவருக்குக் கல் உடைக்கும் வேலையை மட்டுமே மிச்சம் வைக்கும்.

தடாகத்தை வெறுமையாக்கத் தேவையில்லை. மட்டத்தை ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே ஒரு சாண் இறக்கினால் போதும், அடைப்பானையும் எடுக்க வேண்டாம். முற்றாக வெறுமையாக்குவது இந்தக் கோடையில் பெரிய ஆபத்தில்லை என்றாலும், ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் உயர்ந்த பின்னர் செய்தால், கீழிருந்து வரும் அமுக்கம் வெறும் கொங்கிறீற் தொட்டியை மேலே தூக்கி வெடிக்கச் செய்துவிடும். இந்த வேலையை மாரிக்கு முன்னர் முடிப்பது அதனாலும் நல்லது.

வெட்டுவதற்கு முன்னர் குழாயின் கீழும் பக்கங்களிலும் கையும் வாளும் சுழலும் அளவுக்கு மண்ணை எடுங்கள். வெடிப்பையும் வாட்டிய பொருத்தையும் சேர்த்து ஒரே துண்டாக வெட்டிவிடுங்கள். வெடிப்பின் நுனி கண்ணுக்குத் தெரிவதைவிட அப்பால் ஓடியிருக்கும் என்பதால், இரு பக்கமும் ஒரு சாண் கூட்டி வெட்டுவது பாதுகாப்பு. வெட்டு நேராக இருக்க வேண்டும். உள்விளிம்பின் பிசிறுகளைக் கத்தியால் சுரண்டி, வெளிவிளிம்பை அரத்தால் சற்றுச் சரிவாக்கினால், செருகும்போது கம்மை வழித்துத் தள்ளாது.

இரு முனையும் அசையாத குழாயில் புதுத் துண்டைச் செருக வழுக்குச் சொக்கெற் வேண்டும், அதாவது உள்ளே நடுவில் தடுப்பு வளையம் இல்லாதது. கடையில் கிடைக்காவிட்டால், சாதாரண சொக்கெற்றின் நடு வளையத்தை வட்ட அரத்தால் முற்றாகத் தேய்த்து எடுத்துவிடலாம். உட்சுவரைத் தேய்த்துவிடாமல் பொறுமையாகச் செய்யுங்கள். புதுத் துண்டின் இரு நுனிகளிலும் இந்தச் சொக்கெற்றுகளை முழுவதாக ஏற்றி, துண்டை இடைவெளியில் வைத்து, பழைய குழாயிலும் சொக்கெற்றின் பாதி நீளத்துக்குப் பென்சிலால் கோடிட்டு, கம் இல்லாமல் ஒரு முறை வழுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். கம் பூசிய பின்னர் யோசிக்க நேரம் கிடையாது. அந்த வெக்கையில் சில நொடிகளில் பிடித்துவிடும். அதனால் ஒவ்வொரு சொக்கெற்றாக, இருவர் நின்று, காலை வெயில் ஏறுமுன் செய்யுங்கள். குழாயிலும் சொக்கெற்றுக்குள்ளும் துப்புரவாக்கும் திரவம் பூசி, பின்னர் கம் பூசி, கோடுவரை வழுக்கி, கால் சுற்றுத் திருப்பி, அசையாமல் அரை நிமிடம் பிடிக்க வேண்டும்.

சொக்கெற்றைத் தேய்ப்பதில் நம்பிக்கையில்லாவிட்டால் வேறு வழியும் உண்டு. நான்கு 45 பாகை வளைவுகளைக் கொண்டு குழாயைப் பக்கவாட்டில் சற்று விலக்கி மீண்டும் நேராக்கினால், வளைவுகளைத் திருப்பிச் செருக இடம் கிடைக்கும். ஆனால் பொருத்துகள் கூடும், உறிஞ்சலும் சற்றுக் குறையும். எனக்கு முதல் வழியே விருப்பம்.

குழாய்க்குள் மிச்சமிருக்கும் தண்ணீர் ஊறி ஊறி நுனிக்கு வருவதுதான் பெரிய தொந்தரவு. நனைந்த இடத்தில் கம் பிடிக்காது. கடைப் பாணின் கரையை நீக்கிவிட்டு, நடு வெள்ளையை உருண்டையாக்கிக் குழாய்க்குள் அரை முழம் உள்ளே தள்ளிவிடுங்கள். ஒட்டி முடிக்கும்வரை தண்ணீரைத் தடுத்து நிற்கும். பிறகு ஊறிக் கரைந்து பம்பியின் கூடைக்கு வந்து சேரும். பம்பியை ஓட்டிய பின்னர் கூடையைக் கழுவ மறக்காதீர்கள்.

புதுத் துண்டு ரைப் 1000 எனப்படும் தடித்த குழாயாக இருக்கட்டும். கழிவுநீருக்கு விற்கும் மெல்லிய குழாயை எவராவது நீட்டினால் வாங்க வேண்டாம், உறிஞ்சலில் அது சப்பிவிடும்.

ஒட்டி 24 மணித்தியாலங்கள் விட்ட பின்னர், கானை மூடாமலே, ஐயா சொன்ன நிமிர்ந்த குழாயை மறுபடியும் நிரப்பிப் பாருங்கள். மட்டம் ஒரு மணித்தியாலம் அசையாமல் நின்றால் மூடலாம். அறுகு பச்சையான இடத்தில் மட்டுமன்றி, வேறெங்கும் ஈரம் இருக்கிறதா என்பதையும் அந்த நேரத்தில் பாருங்கள். ஒரு வெடிப்பைத் திருத்திய பின்னர் மட்டம் மெதுவாக இறங்கினால் இரண்டாவது வெடிப்பு இருக்கிறது என்று அர்த்தம்; உங்கள் குழாயில் வாட்டிய பொருத்து இன்னொன்று இருக்க இடமுண்டு.

மூடும்போது எடுத்த கிரவலைத் திருப்பிப் போட வேண்டாம். குழாயின் கீழ் 10 சென்ரிமீற்றரும் மேலே 15 சென்ரிமீற்றரும் கல்லில்லாத ஆற்றுமணல் போட்டு, தண்ணீர் தெளித்துக் காலால் மிதித்து இறுக்கி, அதற்கு மேல் அரித்த மண்ணைப் போடுங்கள். பவுசர் அந்த வழியால்தான் வந்தாக வேண்டுமென்றால், வெட்டித் திறந்திருக்கும் இந்த நேரத்திலேயே 110 மில்லிமீற்றர்க் குழாயொன்றை உறையாகப் போட்டு, அதற்குள்ளால் இதனைச் செலுத்துங்கள். சில்லின் பாரம் உறைக்கு விழும், உள்ளிருக்கும் குழாய்க்கு விழாது. சொக்கெற்றுகள் உறைக்கு வெளியே நிற்கும்படி புதுத் துண்டின் நீளத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், உறையையும் ஒட்டுவதற்கு முன்னரே துண்டில் கோர்த்துவிட வேண்டும். வழியை மாற்ற முடிந்தால் உறைச் செலவும் மிச்சம்.

மூட முன்னர் அளவுநாடாவை விரித்து வைத்துப் படம் எடுத்து, பம்பி அறைச் சுவரிலிருந்தும் தடாகத்தின் மூலையிலிருந்தும் ஒவ்வொரு பொருத்துக்கும் உள்ள தூரத்தைப் பம்பி அறைக் கதவின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதிவிடுங்கள்.